மண் பிழியும் அச்சு

முறுக்கு நாழியில் வில்லையை மாற்றினால் அதே மாவு வெவ்வேறு வடிவங்களில் இறங்குவதை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். மண்பாண்டத் தொழிலிலும் அத்தகைய நாழி ஒன்று உண்டு, எக்ஸ்ட்ரூடர் என்பார்கள். பதமான களிமண்ணைக் குழலில் இட்டு நெம்புகோலால் அழுத்தினால், அடித்தகட்டின் துளை எவ்வடிவமோ அவ்வடிவில் மண் நீண்டு வெளிப்படும். கோப்பைக்குக் கைப்பிடியும் சாடிக்கு விளிம்பும் ஒரே அளவாகக் கிடைக்கும். ஆனால் கருவியுடன் வரும் தகடுகள் வட்டம், சதுரம், பட்டை என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எல்லாப் பட்டறைகளும் அவற்றையே உபயோகித்தால் சரக்கிற்குத் தனி அடையாளம் ஏது? கரையைப் பார்த்தே சேலையின் ஊரைச் சொல்லும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அச்சை நாமே அறுக்கத் துணிந்தோம். சிறிய கைக்கருவிக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு போதும். சுவரில் பொருத்தும் பெரிய கருவிக்கு 6 மில்லிமீட்டராவது வேண்டும், இல்லையேல் அழுத்தத்தில் தகடு பிதுங்கிவிடும். வரைந்த காகிதத்தைத் தகட்டில் ஒட்டி, நடுவே துளையிட்டு, நகைத் தொழிலாளர் கையாளும் மெல்லிய கம்பி ரம்பத்தைத் துளைவழி கோத்து, கோட்டிற்குச் சற்று உள்ளே அறுத்தோம். மிச்சத்தை அரத்தால் ராவினோம்.

முதல் அச்சு இலை வடிவம். இரு முனைகளும் கூர்மை. பிழிந்த மண்ணோ ஓரமெல்லாம் ரம்பப் பற்கள்போல் கிழிந்து வந்தது. மண்ணையே குறைகூறி, நீர் சேர்த்து மீண்டும் பிசைந்தோம். கைப்பிடி துவண்டு விழுந்தது. இரண்டு நாள் உழைப்பு வீணான பிறகே குற்றம் தகட்டில் இருப்பது புலப்பட்டது. துளையின் நடுவே மண் விரைந்து செல்கிறது. ஒடுங்கிய மூலையில் உராய்ந்து பின்தங்குகிறது. முந்துவது பிந்துவதை இழுக்க, ஓரம் கிழிகிறது. மூலைகளைச் சிறிது மழுக்கினோம். மண் நுழையும் பக்கத்தைப் புனல்போல் சரிவாக ராவி உப்புத்தாளால் தேய்த்தோம். கிழிசல் நின்றது. அதன்பின்னும் பட்டை ஒருபுறம் வளைந்தது. எப்பக்கம் வளைகிறதோ அப்பக்கமே மண் தயங்குகிறது. அரம் செல்லவேண்டிய இடமும் அதுவே.

மண் சுருங்குவதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பச்சை மண்ணில் கீறிய 100 மில்லிமீட்டர் கோடு சூளையிலிருந்து வந்தபின் 90 ஆகிறதென்றால், 18 மில்லிமீட்டர் கைப்பிடிக்குத் துளை 20 இருத்தல் வேண்டும்.

குழாய் பிழிவதுதான் கடினம். துளையின் நடுவே ஒரு கரு நிற்கவேண்டும். அதைத் தாங்க உட்புறம் பாலம் வேண்டும். பாலத்தில் மண் இரண்டாகப் பிரிந்து, அதைக் கடந்தபின் மீண்டும் ஒட்டுகிறது. பாலம் துளைக்கு மிக அருகில் இருந்தால் ஒட்டும் அவகாசமில்லை. அந்தத் தையல் காயும்போதோ சூளையிலோ விரியும். நம் குழாய்களில் பல அவ்விதம் பிளந்தன. பாலத்தைப் பின்தள்ளிய பிறகே சேதம் குறைந்தது. விவசாய அன்பர்களுக்கு ஒரு செய்தி: இங்கிலாந்தில் 1840களில் வயல் வடிகாலுக்கான மண்குழாய்களைப் பிழியும் யந்திரங்கள் பரவின. 1845இல் தாமஸ் ஸ்க்ராக் என்பவரின் யந்திரத்திற்கு அந்நாட்டு ராயல் வேளாண்மைச் சங்கம் பரிசளித்தது.

இப்போது ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் எந்த மண்ணுக்கு உரியது, நூற்றுக்கு எவ்வளவு சுருக்கம் என்பதை ஆணியால் பொறித்து, கழுவித் துடைத்து ஆணியில் மாட்டிவைக்கிறோம். அந்த இலை அச்சும் அங்கேதான் தொங்குகிறது.