பிளேஆஃப் நெருக்கடியில் இளம் பிட்சர்களை அவசரமாக இறக்கலாமா? அமெரிக்க பேஸ்பால் அணிகள் போடும் கணக்கு

2025 ஜூன் நடுவில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அதிக வெற்றி விகிதம் வைத்திருந்த அணி நியூயார்க் மெட்ஸ். ஆகஸ்டுக்குள் நிலைமை தலைகீழ். அனுபவசாலி பிட்சர்கள் சிலர் காயத்தில், சிலர் ஃபார்மில் இல்லை. வேறு வழியில்லாமல் மைனர் லீக்கில் இருந்து நோலன் மெக்லீன், ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட் என மூன்று இளம் பிட்சர்களை அடுத்தடுத்து இறக்கியது அணி.

மெக்லீன் அசத்தினார். 8 ஆட்டங்களில் 5 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. டாங்குக்கு நேர் எதிர். டெக்சாஸ் அணிக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 2 அவுட் எடுப்பதற்குள் 6 ரன் கொடுத்துவிட்டு வெளியேறினார். சீசனின் கடைசி நாளில் தோற்ற மெட்ஸ், சின்சினாட்டி அணியுடன் வெற்றிக் கணக்கில் சமமாக இருந்தும் பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. கூடுதலாக ஒரே ஒரு வெற்றி கிடைத்திருந்தால் கதையே வேறு.

‘பையன் இன்னும் ரெடி ஆகல’ என்று காத்திருப்பதா, ‘இப்ப விட்டா அடுத்த வருஷம்தான்’ என்று இறக்கிவிடுவதா? ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே எழும் கேள்வி இது.

ஏன் செப்டம்பரில் இவ்வளவு நெருக்கடி?

ஒரு சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். மொத்தம் 30 அணிகளில் 12 அணிகள் மட்டுமே பிளேஆஃப் செல்லும். கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி இங்கே பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது ஸ்டார்ட்டர், ஒரு நாளில் 80 முதல் 100 பந்துகள் வீசிவிட்டு, அடுத்த நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். அதனால் ஐந்து ஸ்டார்ட்டர்களாவது தேவை. செப்டம்பர் வரும்போது அதில் ஒருவரோ இருவரோ காயத்தில் இருப்பது சகஜம்.

செப்டம்பர் 1 முதல் அணியின் வீரர் எண்ணிக்கையை 26-ல் இருந்து 28 ஆக உயர்த்திக்கொள்ளலாம். மைனர் லீக்கில் கலக்கும் இளைஞரை மேலே கொண்டுவர இதுதான் வசதியான நேரம்.

ஜாக்பாட் அடித்தவர்கள்

அவசரப்பட்டு வென்ற கதைகள் நிறையவே உண்டு. 2002 செப்டம்பரில் அனாஹெய்ம் ஏஞ்சல்ஸ் அணி பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் என்ற 20 வயது இளைஞரை இறக்கியது. லீக் சுற்றில் அவர் ஆடியது வெறும் 5 ஆட்டங்கள். பிளேஆஃபில் 5 வெற்றிகள் அவர் கணக்கில் வந்தன, அணி சாம்பியன் ஆனது.

2008-ல் டாம்பா பே ரேஸ் அணியின் டேவிட் பிரைஸ், லீக் சுற்றில் 14 இன்னிங்ஸ் மட்டுமே வீசியிருந்தார். பாஸ்டனுக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் 7-வது ஆட்டத்தில், கடைசி 4 அவுட்டையும் எடுத்து அணியை வேர்ல்ட் சீரிஸுக்கு அழைத்துச் சென்றார். 2012-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் பெற்றார்.

2025-ல் டொராண்டோவின் டிரே யெசாவேஜ் இன்னும் ஒரு படி மேல். ஏப்ரலில் மைனர் லீக்கின் கீழ்மட்டமான சிங்கிள்-ஏவில் இருந்தவர், லீக் சுற்றில் 3 ஆட்டங்கள் ஆடியதோடு பிளேஆஃபுக்குள் போனார். வேர்ல்ட் சீரிஸின் 5-வது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக 12 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தபோது அவருக்கு வயது 22.

அப்போ பயம் எதுக்கு?

முழங்கைதான் காரணம். பந்தை முழு வேகத்தில் எறியும்போது முழங்கையின் உட்புறத் தசைநார் கடுமையாக இழுபடும். அது கிழிந்தால், உடலின் வேறு இடத்தில் இருந்து தசைநாண் எடுத்துப் பொருத்தும் ‘டாமி ஜான்’ அறுவை சிகிச்சைதான் வழக்கம். மீண்டு வர 12 முதல் 18 மாதங்கள் ஆகலாம். 2008-ல் மணிக்கு சுமார் 147 கி.மீ. ஆக இருந்த நேர்வேகப் பந்தின் சராசரி வேகம், 2024-ல் சுமார் 152 கி.மீ. ஆகிவிட்டது. வேகம் கூடக்கூட முழங்கைக்கும் சுமை கூடுகிறது.

இளைஞருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மைனர் லீக் சீசன் செப்டம்பரில் முடிந்துவிடும். அவர் உடல் பழகியது அந்தக் கால அளவுக்குத்தான். பிளேஆஃப் என்றால் அக்டோபர் கடைசிவரை, அதுவும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீச வேண்டும்.

இதற்கு எச்சரிக்கையாகச் சொல்லப்படும் பெயர் மார்க் பிரயர். 2003-ல் சிகாகோ கப்ஸ் பிளேஆஃபுக்குப் போராடியபோது, அந்த செப்டம்பரில் பல ஆட்டங்களில் 120 பந்துகளுக்கு மேல் வீசினார். அந்த மாதத்தில்தான் அவருக்கு 23 வயதே ஆனது. மேஜர் லீக்கில் அவர் கடைசியாக ஆடியது 2006-ல். ஆனால் பழியை முழுக்க அந்த செப்டம்பர் மீது போடவும் முடியாது. இடையில் 2005-ல் பேட்டர் அடித்த பந்து பட்டு அவர் முழங்கை எலும்பு முறிந்தது.

பொத்திப் பாதுகாத்தால் போதுமா?

அதுவும் உத்தரவாதம் இல்லை. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், அறிமுகமான 2010-லேயே டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டவர். 2012-ல் அணி முதலிடத்தில் இருந்தபோதே, கை முக்கியம் என்று செப்டம்பரில் அவரை உட்கார வைத்தார்கள். அவர் இல்லாமல் பிளேஆஃப் போன அணி முதல் தொடரிலேயே வெளியேறியது.

அந்த முடிவு சரியா தப்பா? 2019-ல் நேஷனல்ஸ் சாம்பியன் ஆனபோது வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர் ஸ்ட்ராஸ்பர்க்தான். அதன்பின் 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. காயங்களால் அந்த ஒப்பந்தக் காலத்தில் அவர் ஆட முடிந்தது வெறும் 8 ஆட்டங்கள்.

25 வயதுக்குட்பட்ட பிட்சர், முந்தைய ஆண்டைவிட 30 இன்னிங்ஸ் கூடுதலாக வீசினால் ஆபத்து என்ற விதியை விளையாட்டுப் பத்திரிகையாளர் டாம் வெர்டுச்சி பிரபலப்படுத்தினார். பின்னால் புள்ளிவிவரங்களை அலசியவர்கள், அந்த விதிக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் இதுவரை கிடைக்கவில்லை.

ரிஸ்க் யாருக்கு?

அணிக்கும் வீரருக்கும் கணக்கு ஒன்றல்ல. இளைஞர் மேலே வந்ததும் அவரது சர்வீஸ் நாள்கள் எண்ணப்படும். 6 ஆண்டுகள் முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம். சீக்கிரம் இறக்கினால் அந்தக் கடிகாரமும் சீக்கிரம் ஓட ஆரம்பிக்கும் என்பது அணியின் கவலை.

வீரருக்கோ இது வாழ்க்கைப் பிரச்சினை. மைனர் லீக்கின் உச்சமான டிரிபிள்-ஏவில் 2023 ஒப்பந்தப்படி குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் சுமார் 35,800 டாலர். மேஜர் லீக்கில் 2025-ல் அது 7,60,000 டாலர். மேஜர் லீக் அணியில் இருக்கும்போது காயம்பட்டால் அந்தச் சம்பளமும் சர்வீஸ் கணக்கும் தொடரும். கூப்பிட்டால் ‘வேண்டாம், கை வலிக்குது’ என்று எந்த 21 வயது இளைஞர் சொல்வார்? அதனால்தான் வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு அணிக்கு வந்து சேர்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ரோட்ரிகஸும் பிரைஸும் வென்றதில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. இருவரையும் பிளேஆஃபில் பயன்படுத்தியது ரிலீவராக. ஒன்றிரண்டு இன்னிங்ஸ் வேலைதான், ஆட்டத்தின் முழுச் சுமையும் அவர்கள் தோளில் இல்லை.

இளைஞரை செப்டம்பரில் கூப்பிடுவதே தவறு என்று சொல்ல முடியாது. அக்டோபரிலும் அவர் தேவைப்படலாம் என்பதை ஏப்ரலிலேயே யோசித்து, அதற்கேற்ப இன்னிங்ஸை மிச்சம் பிடிப்பது ஒரு வழி. மேலே வந்தபின் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, ஆட்டம் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் அதை மீறாமல் இருப்பது இன்னொன்று. 5 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம் என்று திட்டமிட்ட பிட்சர் 5-வது இன்னிங்ஸ் முடிவில் ஒரு ரன் கூடக் கொடுக்காமல் நிற்கிறார், அரங்கமே எழுந்து கத்துகிறது. அப்போதும் போய் பந்தை வாங்கிக்கொள்ளும் துணிச்சல் மேனேஜருக்கு இருக்கிறதா? இருந்தால் தைரியமாகக் கூப்பிடலாம். இல்லையென்றால் அந்த இளைஞர் மைனர் லீக்கிலேயே இருப்பதுதான் அவருக்கு நல்லது.