காற்றை எடை போடும் வண்டி

முதலாமாண்டோடு கெமிஸ்ட்ரிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த மெக்கானிக்கல் மாணவன் நான். இவனுக்கு ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு பேரிங்.

2023 பிப்ரவரி 3 இரவு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. ஒரு வேகனின் சக்கர பேரிங் சூடேறிப் போய்விட்டது. தடம் புரண்டவை 38 வேகன்கள். அவற்றில் ஐந்தில் வினைல் குளோரைடு, அதாவது நம்ம பி.வி.சி. பைப்புக்கு மூலப்பொருள். வெடித்துவிடுமோ என்று பயந்து 6-ஆம் தேதி அதைத் திறந்துவிட்டு எரித்தார்கள். (எரித்திருக்கவே வேண்டியதில்லை என்று 2024-இல் விசாரணையில் தெரிந்தது. யார் தலையில் கொட்டுவது?) 8-ஆம் தேதி, வெளியேறிய மக்கள் வீடு திரும்பலாம் என்று அறிவித்தார்கள். ஆனால் ஊர்க்காரர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத் தொந்தரவு. கருவி ஒன்று சொல்ல, மூக்கு வேறு சொன்னால் எதை நம்புவது?

அரசு வைத்தவை ஓரிடத்தில் நிற்கும் கருவிகள். அவை நிற்கிற இடத்துக் காற்றைத்தானே சொல்லும்! பிப்ரவரி 20, 21 தேதிகளில் கார்னகி மெலன், டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை வண்டியில் ஏற்றி, ஊருக்குள்ளும் வெளியிலும் ஓட்டி, நொடிக்கொரு முறை காற்றை அளந்தார்கள்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அது மூலக்கூறுகளை எடை போடும் தராசு. என் அப்பா பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. இதைச் சொன்னதும், "காத்தை எந்தத் தட்டுலடா வைப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தட்டே கிடையாது, ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

முதலில் தண்ணீர் ஆவியில் மின்சாரம் பாய்ச்சி, கூடுதலாக ஒரு புரோட்டான் ஒட்டிய தண்ணீர் அயனியைத் தயாரிக்கிறார்கள். அதன் எடை 19. வெளிக்காற்றை இதோடு கலந்தால் பென்சீன் போன்றவை அந்தப் புரோட்டானைப் பறித்துக்கொள்ளும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைச் சீண்டாது. சாமர்த்தியமே இதில்தான். காற்றில் 99 சதவீதம் இருக்கும் அந்த இரண்டும் ஒதுங்கிக்கொள்வதால், நூறு கோடியில் ஒரு பங்கு இருக்கும் வாயுகூடத் தனியே தெரிகிறது. பென்சீன் 78, புரோட்டான் ஒட்டியதும் 79. டொலுயீன் 92, அது 93 ஆகும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் லிண்டிங்கர் குழுவினர் 1990-களில் உருவாக்கிய முறை இது.

அடுத்து ஓட்டப்பந்தயம். இப்போது பெரிதும் பயன்படும் வகையில் எல்லா அயனிக்கும் ஒரே வோல்டேஜில் ஒரே தள்ளு. ½mv² ஞாபகம் இருக்கிறதா? ஆற்றல் சமம் என்றால் லேசானவன் முந்துவான். வெற்றிடக் குழாயின் மறுமுனைக்கு வந்து சேர்ந்த நேரத்தை மைக்ரோ செகண்டில் அளந்தால் எடை கிடைத்துவிடும்.

வண்டியில் ஏற்றுவதில் நம்ம ஆட்களுக்கும் வேலை உண்டு. வெற்றிட பம்புகள் நிற்காமல் ஓட மின்சாரம் வேண்டும். குலுக்கல் தாங்க வேண்டும். சொந்தப் புகையையே உறிஞ்சாதபடி காற்றுக்குழாயின் வாய் சைலன்சருக்கு எட்டாமல் இருக்க வேண்டும். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஏறக்குறைய வீட்டுக்கு வீடு ஓர் அளவு!

சரி, என்ன கண்டார்கள்? பென்சீன், டொலுயீன், சைலீன், வினைல் குளோரைடு ஆகியவற்றின் சராசரி, நீண்டநாள் சுவாசிப்பதற்கான ஆபத்து வரம்புக்குக் கீழேதான். நிற்கும் கருவிகள் காட்டியதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அக்ரோலீன், சுற்றுப்புற கிராமக் காற்றைவிட ஊருக்குள் ஆறு மடங்கு வரை இருந்தது. தேடிப் போகாத வேறு சில பொருள்களும் குறிப்பிட்ட இடங்களில் குவிந்திருந்தன. இதனால்தான் கண் எரிந்தது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஊர்க்காரர்களின் பேச்சு வெறும் பிரமை என்று ஒதுக்கவும் முடியாது.

தராசுக்கும் ஏமாறும் இடம் உண்டு. அக்ரோலீனும் 56, பியூட்டீனும் 56. நுட்பமான கருவி, புரோட்டான் ஒட்டியபின் 57.03, 57.07 என்று தசமத்தில் பிரித்துவிடும். அசிட்டோனும் புரோப்பனாலும் அப்படியல்ல. அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. எத்தனை தசமம் போனாலும் எடை ஒன்றே. அங்கே கெமிஸ்ட்ரிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்த வண்டி அளந்தது இரண்டே நாள். அங்கேயே குடியிருந்து மாதக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல அது போதாது, வண்டி மறுபடி மறுபடி வர வேண்டும் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள்.