சிங்கவரத்திலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

செஞ்சிக்குப் பக்கத்திலே இருக்கிறது சிங்கவரம். மலையைக் குடைந்து அமைத்த கோயிலிலே அரங்கநாதர் பள்ளிகொண்ட ஊர். சிங்கப்பூர், கடலுக்கு அப்பால் இருக்கிறது. இரண்டு ஊர்ப் பெயரிலும் சிங்கம் உண்டு. நடுவே உள்ள தூரம் எவ்வளவு?

சிங்கவரத்திலிருந்து திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காரில் போனால் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். இதற்கு ஆகும் நேரமோ 4 மணி சொச்சந்தான்!

நூல் பிடித்து அளப்பது

ஆகாயத்திலே மைல் கல் இல்லையே, எப்படி அளக்கிறார்கள்? பூமி உருண்டை. உலக உருண்டை பொம்மையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் மிகக் குறுகிய வழி. விமான தூரம் என்பது அதுவே.

ஜெட் விமானம் மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் 3½ மணியில் போய்விடலாமே என்று கேட்கலாம். தரையிலே ஊர்ந்து ஓடுபாதைக்கு வரவேண்டும், மேலே ஏறவேண்டும், வேகத்தைக் குறைத்து இறங்கவேண்டும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் 4 மணிக்கு மேல் ஆகிறது.

அந்தக் காலத்தில் 'ரஜுலா' கப்பலில் போனவர்கள் ஒரு வாரம் போலக் கடலிலே கிடந்தார்கள். 1973-ம் ஆண்டோடு அந்தக் கப்பலின் காலம் முடிந்தது.

கடிகாரம் செய்யும் வேடிக்கை

சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னைக்கு 9.30 மணிக்கு வரும் என்று டிக்கெட்டில் இருக்கும். ஒன்றரை மணி நேரப் பயணமா? இல்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட 2½ மணி முந்தி ஓடுகிறது. அங்கே இரவு 8 என்றால் இங்கே மாலை 5.30. ஆக, பயணம் 4 மணி நேரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள்.

தேதியிலே கவனம்!

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 15-ந் தேதி நள்ளிரவு கழிந்து 1.15 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். 15-ந் தேதி மாலை மூட்டை முடிச்சோடு புறப்பட்டால் என்ன ஆகும்? விமானம் முந்திய இரவே பறந்திருக்கும்! டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் போய்விடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலைக்கே ஆபத்து.

கணக்கு இதுதான்: வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். அதாவது, 14-ந் தேதி இரவு 10.15-க்கு மீனம்பாக்கத்தில் இருக்கவேண்டும். வழிப்பயணம் 3 மணி நேரம். வழியில் தாமதம் ஆனாலும் ஆகலாம். ஆகவே 14-ந் தேதி மாலை 6 மணிக்கே சிங்கவரத்தை விட்டுக் கிளம்புவது நல்லது.

வழியனுப்பும் வீட்டாரே, டிக்கெட்டை வாங்கி ஒரு முறை நீங்களும் படித்துப் பாருங்கள். மணியை மட்டும் பார்க்காதீர்கள், தேதியையும் பாருங்கள்!