மூன்று முறை அலைன்மெண்ட் பார்த்தும் கார் இழுக்கிறதா? அடியில் படுத்துப் பாருங்கள்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் கூட்டரசு சாலை. மழை விட்டிருந்த மாலை நேரம். என் சித்தப்பா மகன் ஓட்டிய பழைய புரோட்டோன் சத்ரியா ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. தம்பி ஸ்டீரிங்கைத் திருப்பவே இல்லை. ஆனால் கார் தானாக வலப்பக்கம் நகர்ந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருந்தது.

லோரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. ஒன்றும் ஆகவில்லை. பின் இருக்கையில் இருந்த தங்கை மட்டும் வீடு சேரும்வரை பேசவில்லை.

அந்த காரை வாங்கிய பிறகு தம்பி மூன்று முறை அலைன்மெண்ட் பார்த்திருந்தான். முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து போனதால் புதிதாக இரண்டு மாற்றினான். அடுத்து "நல்ல" கோய்லோவர் செட் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். நம் தாமான்களிலும் தோட்டங்களிலும் இப்படிப் பழைய காரை ஆசையாகச் செய்து ஓட்டும் இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும், அந்தக் காரில் பின்னால் உட்காரும் தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சத்ரியா 1994இல் வந்த மூன்று கதவு கார். 90களின் இறுதியில் வந்த 1.8 லிட்டர் ஜிடிஐ ரகத்துக்கு லோட்டஸ் நிறுவனம் சஸ்பென்ஷனைச் சரிசெய்து கொடுத்தது. அசல் ஜிடிஐ இன்று அரிது. சாலையில் நாம் பார்ப்பதில் பல, சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ பாடிகிட் போட்டவைதான். எதுவானாலும் வயது இருபதைத் தாண்டிவிட்டது. வயதானால் முதலில் போவது ரப்பர்.

தம்பியை அழைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை பார்க்கும் ஒரு போமன் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். அவர் காரை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, கீழே படுத்துவிட்டார். "அலைன்மெண்ட்ங்கிறது கடைசி வேலை தம்பி. ஆடுற பல்லுக்குக் கம்பி கட்டி என்ன பயன்?" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். அலைன்மெண்ட் இயந்திரம், நின்றுகொண்டிருக்கும் காரின் சக்கரக் கோணத்தை அளக்கிறது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் லோவர் ஆர்ம், அதன் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டீரிங் ரேக்கிலிருந்து வரும் ரேக் எண்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றில் ஒன்று ஆடினாலும், கார் ஓடும்போது அந்தக் கோணம் நிலைக்காது. பிரேக் பிடித்தால் ஒரு கோணம், பள்ளத்தில் இறங்கினால் இன்னொரு கோணம். காகிதத்தில் அச்சாகி வரும் பச்சை எண்களைப் பார்த்து நாம் திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

சோதிக்கும் முறை எளிது. சமதரையில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தொட வேண்டும். வெறும் ஜேக்கை நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால், டை ராட் எண்டும் ரேக் எண்டும் தேய்ந்திருந்தால் 'டக்' என்று கையில் தெரியும். 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். இரண்டில் எது? ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க மீண்டும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். புஷ்ஷுக்கு ஒரு கடப்பாரைத் துண்டு போதும். லோவர் ஆர்மை நெம்பினால் வெடித்த ரப்பர் வாய் திறந்து காட்டும்.

தம்பியின் காரில் இடப்பக்க டை ராட் எண்ட் ஆடியது. லோவர் ஆர்மின் பின் புஷ் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. ரேக்கின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே செம்மண். தோட்டத்துச் சாலையில் ஓடும் காருக்கு இந்த உறை மிக முக்கியம். மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் ரேக்கே அரித்துவிடும், அதை மாற்றும் செலவு வேறு ரகம்.

இவை வயதால் வந்தவை. இன்னொன்று நாமே வரவழைத்தது. முன்பு வைத்திருந்தவர் காரைத் தாழ்த்துவதற்கு ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறார். வெட்டிய ஸ்பிரிங் சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இடம் விட்டு நழுவக்கூட வாய்ப்புண்டு.

காரைத் தாழ்த்தினால் இன்னொன்றும் நடக்கிறது. லோவர் ஆர்மும் டை ராடும் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே சாய்வில் நின்று, சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி தொழிற்சாலையில் அமைக்கிறார்கள். காரை அதிகம் இறக்கினால் இரண்டின் சாய்வும் மாறி, அவை வரையும் வளைவு ஒத்துப்போகாது. அதனால் ஒவ்வொரு பள்ளத்திலும் டை ராட் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளும் அல்லது இழுக்கும். யாரும் ஸ்டீரிங் திருப்பாமலே கார் திரும்பும். பட்டறைகளில் இதை 'பம்ப் ஸ்டீர்' என்பார்கள். லோரிக்கு எதிரே எங்களுக்கு நடந்தது, ஆடிய ஜாயிண்டும் இதுவும் சேர்ந்த வேலை. விளிம்பு வெளியே தள்ளிய அகல ரிம்மும் ஸ்பேஸரும் இருந்தால் பேரிங்குக்கும் ஸ்டீரிங்குக்கும் சுமை இன்னும் கூடும்.

இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். காரைத் தாழ்த்துவது தவறு என்று நான் நினைக்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழிந்த புஷ்ஷுக்கு மேல் விலையுயர்ந்த கோய்லோவர் போடுவது, ஓட்டைக் கூரைக்குக் கீழே புது சோபா வாங்கிப் போடுவதுதான். போமன் அண்ணன் வெட்டிய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அசல் உயரத்து ஸ்பிரிங்கையே போடச் சொன்னார். தம்பிக்கு முகம் சுருங்கியது உண்மை.

பொருள் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கெடாய் போத்தோங்கில் ஜப்பானிலிருந்து வந்த லோவர் ஆர்ம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள ரப்பருக்கும் உங்கள் காரின் வயதுதான். இரும்பைப் பழையதாக வாங்கலாம், ரப்பரையும் பால் ஜாயிண்டையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வீரா காரின் அடித்தளமும் சத்ரியாவின் அடித்தளமும் ஒன்று என்பதால் பல பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனாலும் பாக எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். போலி புஷ் என்றால் அது நீளமாக உழைக்கும். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளே கேட்கும், கிரீஸ் வற்றினால் கிரீச்சிடும். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு ரப்பரே போதும்.

பொருத்தும்போது அண்ணன் செய்த ஒரு வேலையை வாசகர்கள் மறக்கவே கூடாது. புது லோவர் ஆர்மை மாட்டி, போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, காரைத் தரையில் இறக்கினார். சக்கரங்கள் காரின் எடையைத் தாங்கி நின்ற பிறகுதான் புஷ் போல்ட்டுகளை முழுதாக முறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடுமாம். "புது புஷ் ஏன் சீக்கிரம் போகுதுன்னு எல்லாரும் கடைக்காரனைத் திட்டுறாங்க. பாதி நேரம் தப்பு மாட்டினவன்கிட்டதான்," என்றார்.

டை ராட் எண்டின் நட்டில் போடும் ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதியதாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்ற கம்பிரஸர் இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் பீறிட்டால் கை, முகம் எதுவும் மிஞ்சாது. இது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

அதற்குப் பிறகுதான் நான்காவது அலைன்மெண்ட். ஸ்டீரிங் கோணலாக நின்றால் சில கடைகளில் ஸ்டீரிங்கைக் கழற்றி நேராக மாட்டிவிடுவார்கள். அது ஏமாற்று வேலை, ரேக் நடுவில் இருக்காது. இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருப்பி நேராக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாகன அமைப்பை மாற்ற ஜேபிஜே அனுமதி வேண்டும். பெயர் மாற்றும்போது வாகனப் பரிசோதனை உண்டு, வெட்டிய ஸ்பிரிங்கோடு போனால் சிக்கல்தான்.

கார் தயாரான மறுநாள் அதே சாலையில், அதே பள்ளத்தில் தம்பி வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தான். 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கார் நேராகப் போனது. பின்பக்கம் ஒரு மெல்லிய கடகட சத்தம் இன்னும் இருக்கிறது. அங்கே பல ஆர்ம்கள், அத்தனைக்கும் புஷ். அதற்கு அடுத்த மாதச் சம்பளம் வர வேண்டும்.