கம்பளி மட்டும் போதுமா?

சில வாரங்களுக்கு முன் கருணாபுரத்திலிருந்து ஒரு தாய் நமது பங்கு இல்லத்திற்கு வந்தார். செவிலியர் படிப்பை முடித்த தம் மகளை நார்வே நாட்டிற்கு அனுப்பி வைப்பதாக ஒருவர் வாக்களித்திருக்கிறாராம். "சாமி, அங்கே பனி கொட்டுமாமே, எத்தனை கம்பளி வாங்கணும்?" என்று கேட்டார். கல்வராயன் மலையின் மார்கழிக் குளிரே அவர் அறிந்த பெருங்குளிர். இன்று பல குடும்பங்களில் எழும் கேள்வி இது. ஆகவே எல்லோருக்குமாக இங்கே விடை கூறுவோம்.

கனத்த ஆடை ஒன்றைவிட, அடுக்கடுக்கான ஆடைகளே குளிரைத் தடுக்கும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் வெதுவெதுப்பான ஆடை, வெளியே காற்றும் ஈரமும் புகாத மேலங்கி என மூன்று அடுக்கு வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருப்பதால், உள்ளாடைக்கு உதவாது. கால் இறுகும் காலணியில் விரல்கள் விறைத்துப்போகும். தடித்த காலுறைக்கு இடம் விட்டு வாங்க வேண்டும். வீடுகளுக்குள் வெப்பமூட்டும் வசதி உண்டு. ஆதலால் குளிரை வென்றுவிடலாம்.

வெல்லக் கடினமானது இருளே. டிசம்பரில் ஆஸ்லோ நகரில் பகற்பொழுது ஏறத்தாழ ஆறு மணி நேரந்தான். வடக்கே திரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. வெயில் படாத உடலில் வைட்டமின் 'டி' குறையும். கருநிறத் தோலினர்க்கு இக்குறை எளிதில் நேரும். நார்வே மக்கள் குளிர்காலத்தில் மீன் எண்ணெய் அருந்துவது இதற்காகவே. நம்மவர்களும் மருத்துவரைக் கேட்டு நடத்தல் நலம். இருளோடு தனிமையும் சேரும்போது மதுவை நாடுவோர் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் நச்சுச் சாராயத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மண்ணில் வாழும் நமக்கு, அதன் முடிவை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இருளிலும் நிலைத்து வாழ்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-ல் நார்வே சென்றார். அங்கே மீன்பிடித் தொழிலின் நுட்பங்களைக் கற்று, 1967-ல் 'சீநோர்' என்ற அமைப்பின் வழியாக அந்த அறிவைத் தம் ஊர் மீனவர்க்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் சென்ற இளைஞர்களும், 1983 வன்செயலுக்குப் பின் அடைக்கலம் தேடியோரும் வடகோடியின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தனர். அந்நாட்டு மொழியைக் கற்றனர். ஒருவரையொருவர் தேடிக் கூடினர். இன்று ஆஸ்லோவில் தமிழிலும் திருப்பலி நடைபெறுகிறது. கையில் தொழில், நாவில் மொழி, அருகில் உறவு: இம்மூன்றுமே அவர்களுக்குக் கம்பளியாயின.

இனி, நமது பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? நார்வேயில் செவிலியராகப் பணிபுரிய அந்நாட்டு உரிமம் வேண்டும். அதற்கு நார்வே மொழியிலும் தேர்ச்சி வேண்டும். 'சுற்றுலா விசாவில் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி, பதிவு பெற்ற முகவரே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவருடைய பதிவைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரித்தறியலாம். ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். வாக்களித்தவரின் பதிவெண் என்னவென்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை விரித்துக் காட்டினார். இருக்கும் அரை ஏக்கர் நிலத்தை விற்பதற்கு எழுதிய குறிப்பு அது! மறுவாரம் மகளே அம்முகவரிடம் பதிவெண்ணைக் கேட்டிருக்கிறாள். அதன்பின் அவர் அவ்வீட்டுப் பக்கம் வரவில்லை.

மகள் இப்போது அருகிலுள்ள மருத்துவமனையில் பணிபுரிந்துகொண்டே, இரவில் நார்வே மொழி பயில்கிறாள். போவாளோ, இங்கேயே இருப்பாளோ, காலம் சொல்லும். எப்படியாயினும் நிலம் விற்கப்படவில்லை. போனாலும் கடனாளியாகப் போகமாட்டாள்.