தலைக்காயத்திற்குப் பின் மாறும் குணம்

“காயம் ஆறிவிட்டது, டாக்டர். ஆனால் இவர் பழைய மனிதராக இல்லை.” பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வாகன விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தவர்களின் குடும்பத்தினர், மறுபரிசோதனைக்கு வரும்போது இவ்வாறு கூறுவதுண்டு. பொறுமைசாலி எரிந்து விழுகிறார். சிக்கனமானவர் கண்டபடி செலவழிக்கிறார். வீட்டார் இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எண்ணி வருந்துகின்றனர்.

நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்மடல், சினத்தை அடக்கவும் பின்விளைவை எண்ணிப் பார்க்கவும் துணைபுரிகிறது. தலை மோதும்போது இப்பகுதி எளிதில் காயமடைகிறது. நுண்ணிய நரம்பிழைச் சேதம் சி.டி. ஸ்கேனில் தெரியாமலும் போகலாம்.

1848இல் அமெரிக்காவில் இருப்புப்பாதைப் பணியாளர் ஃபினியஸ் கேஜின் முன்மூளையை இரும்புக்கம்பி ஒன்று துளைத்துச் சென்றது. பிழைத்தார், எனினும் நிதானமிழந்து முரட்டுத்தனமாக நடந்தார் என அவருடைய மருத்துவர் பதிவு செய்தார். அதே கேஜ் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். ஒழுங்கான அன்றாடப் பணி அவரை மீட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

ஆகவே, சினம் எழும்போது வாதிடாதீர்கள், பேச்சை மாற்றுங்கள். உணவு, உறக்கம், பயிற்சி ஆகியவற்றுக்கு நேரம் வகுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். மது அறவே கூடாது. மருத்துவரைக் கேட்காமல் வண்டி ஓட்ட விடாதீர்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டாலோ உடனே அழைத்து வாருங்கள்.

தம் மாற்றத்தை நோயாளி உணராதிருக்கலாம். நீங்கள் கண்டதை எங்களிடம் கூறுங்கள். அது குறைகூறல் அன்று, சிகிச்சைக்கான தகவல்.