‘மெசேஜ் பண்ணாதீங்க’ன்னு எழுதிட்டீங்களா? பிளாக் பண்ணும் முன் ஒரு நிமிஷம்!

“ஹாய்”, “சாப்டாச்சா?”, “ஏன் ரிப்ளை இல்ல?”, “ஆன்லைன்லதானே இருக்க?” தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண மெசேஜ்தான். ‘இதுல என்னம்மா இருக்கு?’ என்று ஸ்டேஷனில் கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கத்திலேயே பலர் பொறுத்துப் போகிறார்கள். ஆனால், வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்துகொண்டே இருந்தால் அது குற்றம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. தனக்கு விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றாலோ, அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணித்தாலோ அது ‘பின்தொடர்தல்’. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை. மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை. கெட்ட வார்த்தையோ ஆபாசப் படமோ இருந்தாக வேண்டும் என்பதில்லை.

‘தெளிவாக’ என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ஸ்மைலி போட்டு நழுவினால் நமக்கு அர்த்தம் புரியும். எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் புரியாது. “இனி எனக்கு மெசேஜ் பண்ணாதீங்க” என்று ஒரே ஒரு முறை எழுதுங்கள். விளக்கம் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அதன்பிறகு பதிலே போடாதீர்கள்.

அடுத்து பிளாக்தானே? கொஞ்சம் பொறுங்க. பிளாக் செய்த பிறகு அந்த புரொஃபைல் உங்கள் கண்ணிலேயே படாமல் போகலாம். ரிப்போர்ட் செய்யும்போது சாட் அழிந்துவிடவும் வாய்ப்புண்டு. அதனால் பெயர், புரொஃபைல் லிங்க், தேதி, நேரம் தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒரிஜினல் சாட்டையும் அழிக்காதீர்கள்.

ஆண்களுக்கு 78-வது பிரிவு கைகொடுக்காது. சட்டத்தில் இது ஒரு ஓட்டைதான். மிரட்டல் வந்தால் 351-வது பிரிவு யாருக்கும் பொருந்தும்.

மார்ஃபிங் படத்தை வைத்து மிரட்டுவது வேறு ரகம். அங்கே ‘வேண்டாம்’ என்று எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை. பணமும் அனுப்பக் கூடாது, ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். இப்படிப்பட்ட படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று சமூக வலைதளங்களுக்கு 2021 ஐ.டி. விதிகளே கெடு வைத்தன. அந்தந்த ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு லிங்க்கோடு எழுதுங்கள். கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930.